ஏழு பாட்டுக்கு ஒரு கையெழுத்து

இடது கை ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை சுருதிச் சாவியை ஆணியின் தலையில் மாட்டி, மயிரிழை அளவுக்கு நகர்த்தியது. ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள். ரப்பர் ஆப்புகளைச் செருகி இரண்டை ஊமையாக்கிவிட்டு ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஓர் ஆப்பை உருவி, இரண்டாவதை முதலாவதோடு சேர்க்க வேண்டும். சேராதவரை இரண்டுக்கும் நடுவில் ஓர் அலை உருண்டுகொண்டே இருக்கும். சாவி நகர நகர அலை சோம்பலாகி, நீண்டு, கடைசியில் படுத்துவிடும். அது படுத்த இடத்தில் கை நிற்க வேண்டும். ஒரு நூல் தாண்டினாலும் மறுபடி எழுந்துகொள்ளும்.

செப்டம்பர் புயலில் கூரைத் தகரம் பெயர்ந்து மழை உள்ளே இறங்கியதிலிருந்து இந்தப் பியானோவின் ஆணிகளுக்குப் பிடிப்பு போதவில்லை. பாதி ஆணிகளை இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. அந்தக் கைகள் அதற்காக அவசரப்படவில்லை. அவசரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

"மாயேஸ்த்ரா, மணி பத்தரை."

"கடிகாரம் உள்ளயும் இருக்கு, வீசோ."

"இருக்கு. ஆனா அதை நீங்க பாக்க மாட்டேங்கிறீங்களே."

ஜன்னலுக்கு இரும்புக் கிராதி போட்டிருந்தது. சாந்துர்சே வட்டாரத்தில் கிராதி போடாத ஜன்னல் கிடையாது. வீசோ கந்தெலாரியா அதன் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வர மாட்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சபையில் ஞானஸ்நானம் வாங்கிவிட்டு, ஆறே வாரத்தில் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டு நடனத்துக்கு வாசிக்கப் போனவன் அவன். அன்றிலிருந்து அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. ஊரில் பேர்பெற்ற சல்சா குழு ஒன்றை இப்போது நடத்துகிறான். அவன் சட்டைப் பையில் இரண்டு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ரெண்டுல ஒண்ணுதான் போகும்" என்றான், காலையிலிருந்து மூன்றாவது முறையாக. "ஒண்ணுல நம்ம பியானோக்காரன் மொஞ்சோ ஒம்பது பாட்டுக்கும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கான். இன்னொண்ணுல ரெண்டு பாட்டு மொஞ்சோ, ஏழு பாட்டு நீங்க. அதுல உங்க எடம் காலியா இருக்கு. பன்னெண்டு மணிக்கு கூரியர்காரன் கடையைச் சாத்திருவான். திங்கக்கிழமை இது லாஸ் ஏஞ்சலிஸ்ல இருக்கணும்."

"மொஞ்சோ தாளையே அனுப்பிடு. அன்னைக்கு என் பேரைப் போடாதேன்னு சொன்னது நான்தானே."

"ரெக்கார்டு அட்டையில போடலை. சரி. ஆனா இது விருது, மாயேஸ்த்ரா. அட்டையில பொய் சொல்லிட்டுப் பொழைச்சுப் போயிடலாம். விருதுத் தாள்ல வாசிச்சவன் ஒவ்வொருத்தனும் தன் கையால பேரெழுதணும். நான் குடிச்சிருக்கேன், சூதாடியிருக்கேன், ரெண்டு பொண்டாட்டிகிட்ட ஒரே நேரத்துல பொய் சொல்லியிருக்கேன். வாசிச்சவன் பேரைத் திருடினது மட்டும் இல்ல."

அவன் 'மாயேஸ்த்ரா', குருவம்மா, என்று கூப்பிடும் சோராய்தா மாய்சோனெத் ஆப்பை உருவி அடுத்த தந்திக்கு நகர்ந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பாரியோ ஒப்ரேரோ பேட்டையில் இருக்கும் 'ஓரேப் பாறை' பெந்தெகொஸ்தே சபையில் இருபத்திரண்டு வருஷமாகப் பியானோ வாசிப்பவள். வார நாட்களில் வீடு வீடாகப் போய்ச் சுருதி சேர்ப்பாள். அந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் ஒன்று தெருவில் போட்டுவிட்ட பியானோவைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஊரில் நாற்பது பியானோக்கள் அவள் கைபட்ட பிறகுதான் ஒழுங்காகப் பேசின. ஆனால் எல்லாமே அடுத்தவர் வீட்டுப் பியானோக்கள். சேர்த்து முடித்ததும் மூடிவிட்டு எழுந்துவிட வேண்டும். அவள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது; அந்தப் படிக்கட்டில் நாற்காலியே திரும்பாது, பியானோ எப்படி ஏறும்? உட்கார்ந்து மனம் நிறைய வாசிக்க அவளுக்கு இந்த உலகத்தில் கிடைத்தது சபையின் இந்த ஒரு பியானோதான்.

போன ஜூலையில் வீசோ ஒலிப்பதிவுக்கு எடுத்திருந்த கூடத்துக்குச் சுருதி சேர்க்கப் போயிருந்தாள். வேலை முடிந்ததும் சரிபார்க்க, சுருதி சேர்க்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாட்டு வாசிப்பார்கள். அவள் வாசிப்பது எப்போதும் சபையில் ஜனங்களை எழுப்பி நிறுத்தும் அந்தத் துள்ளல் துதிப்பாட்டின் தொடக்கம்தான். அன்றைக்கும் அதையே வாசித்தாள். பியானோக்காரன் மொஞ்சோ வந்து சேரவில்லை. மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பாஸ் வாத்தியக்காரன் சும்மா அவளோடு சேர்ந்துகொண்டான். கொங்கா மத்தளம் சேர்ந்தது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஒண்ணே ஒண்ணு, மாயேஸ்த்ரா" என்று வீசோ கெஞ்சினான். ஒன்று, ஏழாயிற்று. மீதி இரண்டை மறுநாள் மொஞ்சோ வந்து வாசித்தான்.

வீட்டுக்குப் போய், கூடத்துப் பியானோ ரொம்ப மோசம், ஒன்பது மணி நேரம் பிடித்தது என்று கணவனிடம் சொன்னாள். இருபத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் முழுப் பொய் இல்லை. பியானோ மோசமாகத்தான் இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். வெப்பமண்டலத்து லத்தீன் இசைத்தொகுப்புகளுக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் விருதுக்கு இந்த ஜனவரியில் ஐந்து தொகுப்புகளை முன்னிறுத்தினார்கள். அதில் ஒன்று வீசோவின் 'நிறுத்தம் பதினைந்து.' தெருவில் வெடி வெடித்தார்கள். ரேடியோவில் நாளெல்லாம் அதே பாட்டுகள். துணி வெளுக்கிற கடையில் அவள் விரல்கள், ரொட்டிக் கடையில் அவள் விரல்கள், சிக்னலில் நிற்கிற கார்களுக்குள் அவள் விரல்கள். காதைப் பொத்திக்கொண்டு நடக்கவா முடியும்?

'உலகப் பாட்டு' வாசித்தவர்களைச் சபை அடிக்காது, திட்டாது, வெளியே தள்ளாது. ஒழுங்கில் உட்கார வைக்கும். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து பேரை வாசிப்பார்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் கடைசி பெஞ்சு. பாடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது, வாத்தியத்தைத் தொடக் கூடாது. நெஃப்தாலி என்று ஒரு கிதார்க்காரர் இருந்தார். கப்பலில் சுற்றுலாக்காரர்களுக்கு வாசித்தார் என்று ஆறு மாதம் உட்கார்ந்தார். ஆறு மாதம் முடிந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து வரவேற்று, கிதாரைக் கையில் கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் வாசிக்கவேயில்லை.

பேரை மேடையில் வாசிப்பது சபையின் செக்ரட்டரி. செக்ரட்டரி, அவள் கணவன் எலியேசர்.

அவர் இப்போது ரொட்டிப் பொட்டலமும் காப்பிக் குடுவையுமாகப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"தேவன் ஆசீர்வதிப்பார், வீசோ."

"ஆமென், செக்ரட்டரி. காப்பி மணக்குதே."

எலியேசர் ஒரு கோப்பையில் ஊற்றி, கம்பிகளுக்கு நடுவே சாய்த்துச் சாய்த்து நீட்டினார். பாதி சிந்தியது. மீதியை வீசோ ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாகரிகமாக மாமரத்தடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டான்.

எலியேசர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவியின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"நேத்து பாஸ்டர் கேட்டாரு. அந்த ரெக்கார்டுல நம்ம சபைப் பியானோ மாதிரியே கேக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"பியானோன்னா எல்லாம் பியானோ மாதிரிதானே பாஸ்டர் கேக்கும்னேன்."

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சோரி, நீ இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நோட்டுல எழுதிக்குவேன். உன் வார்த்தைக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அன்னைக்கு வண்டியில கொண்டுபோய் விட்டது நீதானே."

"சுருதி சேக்க விட்டேன்."

"ஒம்பது மணி நேரமா?"

"பியானோ மோசம்னு சொன்ன. நம்பினேன். இப்பவும் நம்பத் தயார்." அவர் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. "பேரு வந்தா நான்தான் வாசிக்கணும். என்னால முடியாதுன்னு சொல்லலை. வாசிச்சிருவேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

சோராய்தா கட்டையைத் தட்டினாள். அலை உருண்டது. சாவியை நகர்த்தினாள், உருள்வது நிற்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உருள்கிற நாட்கள் உண்டு. அன்றைக்குக் கையைக் குறை சொல்வதா ஆணியைக் குறை சொல்வதா என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை வரை அவள் மனம் ஒரே பக்கம்தான் நின்றது. பேர் வேண்டாம், பியானோ போதும். செவ்வாய்க்கிழமை மிராமாரில் ஒரு பல்டாக்டர் வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறை ரேடியோவில் மொஞ்சோவைப் பேட்டி எடுத்தார்கள். மூன்றாவது பாட்டில் வரும் அந்த இடது கை நடையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். கனவில் வந்தது என்றான். அதுகூடப் பரவாயில்லை. படியில் இறங்குகிற மாதிரி இடது கை சரசரவென்று இறங்கும் என்றான். அவள் கையிலிருந்த ஆப்பு பியானோவுக்குள் விழுந்துவிட்டது. வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரியிடம் போய், "எறங்குதாம்" என்றாள். அந்தப் பெண் கத்தியோடு விழித்தாள். அன்று இரவெல்லாம் சோராய்தா தூங்கவில்லை. திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. திருடியது என்ன என்றுகூடத் தெரியாமல் ஒருவன் அதை வைத்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று கதவு திறந்தது.

சகோதரி புரோவிதென்சியா. வயது அறுபத்தெட்டு. கஞ்சி போட்ட நீளப் பாவாடை, கையில் விசிறி. சபையில் யார் எப்போது எங்கே இருந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அந்தத் தொப்பிக்காரன் என்ன, காயப்போட்ட துணி மாதிரி மரத்தடியில தொங்குறான்?"

"உங்களைப் பாக்கத்தான் தொங்குறேன், தோன்யா புரோவி" என்று வெளியிலிருந்து வீசோவின் குரல், பெரியவர்களுக்கான 'தோன்யா' பட்டத்தோடு வந்தது.

"காதைப் பாரு இவனுக்கு!" அவள் எலியேசருக்குப் பக்கத்தில் பெஞ்சில் விழுந்தாள். "நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்க. நான் ஒண்ணு சொல்லணும். பாஸ்டர்கிட்ட சொன்னது நான்தான்."

எலியேசர் தரையைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதே, மிஹா, என் மகளே. நடந்ததைக் கேளு. ரியோ பியெத்ராஸ்லேர்ந்து ஷேர் வேன்ல வந்துகிட்டிருந்தேன். எட்டுப் பேரு, ஒரு கோழி. டிரைவர் ரேடியோ போட்டான். எனக்குக் கண்ணு அசந்துருச்சு. திடீர்னு நீ வாசிக்கிற! நம்ம பாட்டு ஆரம்பம்! என் கை தானா மேல போயிருச்சு. 'அல்லேலூயா!'ன்னு கத்திட்டேன். டிரைவர் பிரேக் போட்டு, 'எறங்கணுமா, ஆயி?'ங்குறான். கோழி வச்சிருந்த பொம்பளை சொல்றா, 'தோன்யா, இது சல்சா'ன்னு. வெக்கம்! ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்துட்டேன்."

வெளியே மாமரத்தடியில் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்கிய சத்தம்.

"பாஸ்டர்கிட்ட சொல்லாம எப்படி இருக்கறது? சொல்லிட்டேன். சொன்னதிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலை. இருபத்திரண்டு வருஷமா உன் வாசிப்புலதான் நான் எழுந்து நிக்கிறேன். நீ இல்லாம எந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து நிக்கிறது?" விசிறி வேகமாக ஆடியது. "ஆனா கர்த்தர் வழி காட்டிட்டாரு. நேத்து ரேடியோவுல அந்தப் பேட்டியை மறுபடி போட்டாங்க. அந்த மொஞ்சோ அவனே சொல்றான், கனவுல வந்துச்சாம், அவனே வாசிச்சானாம். படியில எறங்குற மாதிரி எறங்குமாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்துச்சு. அப்ப நான்தான் தப்பா கேட்டிருக்கேன். கெழட்டுக் காது. பாஸ்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். முடிஞ்சுது கதை."

எலியேசர் மூச்சு விட்டார். அது கூடம் முழுக்கக் கேட்டது. ஜன்னலருகே வந்திருந்த வீசோ, பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து, காலி இடம் இருந்த தாளை மெதுவாக நான்காக மடித்தான்.

பேசாமல் இருந்தால் போதும். இனி பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நடந்து போக வேண்டியதுதான். நாளைக்கு இதே இருக்கையில் உட்காரலாம். சோராய்தா சாவியை ஆணியில் மாட்டினாள். கட்டையைத் தட்டினாள். மாட்டிய சாவியைத் திரும்பக் கழற்றினாள்.

"எறங்கலை" என்றாள்.

"என்னது?"

"அது எறங்கலை, சகோதரி புரோவி. ஏறுது."

"சோரி" என்றார் எலியேசர், தாழ்ந்த குரலில்.

"மூணு படி ஏறும். நாலாவதைத் தொடாது. அஞ்சாவதுல போய் நிக்கும், அதுவும் தாளம் வர்றதுக்கு அரை தட்டு முன்னாடியே. அதனாலதான் எல்லாரும் எழுந்திருக்கறாங்க. எறங்கினா யாரு எழுந்திருப்பா? எறங்கினா உக்காந்துருவாங்க."

தந்திகளை ஊமையாக்கியிருந்த துணிப் பட்டையை இழுத்துப் போட்டுவிட்டு வாசித்தாள். கீழ்த்தந்திகளில் இரண்டு இன்னும் சேராமல் கரகரத்தன. ஆனாலும் இடது கை ஏறியது, ஒன்று, இரண்டு, மூன்று, தாண்டி ஐந்தில் நின்றது. வலது கை அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது. ஜன்னலில் வீசோவின் விரல்முட்டிகள் அவனைக் கேட்காமல் கம்பியில் தாளம் தட்டின. புரோவிதென்சியாவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. மற்றொரு கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

சோராய்தா நிறுத்தினாள். வெளியே ஒரு பேருந்து போயிற்று.

"அய்யோ, மிஹா" என்றாள் புரோவிதென்சியா. கண் நிரம்பியிருந்தது. "வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாத்திருக்கக் கூடாதா நீ?"

"முடியுமான்னு நானும் பாத்தேன்."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வீசோ தாளைப் பிரித்து, கம்பிகளுக்கு நடுவே நீட்டி, வெளியிலிருந்து ஒரு சினிமா விளம்பர அட்டையை அடியில் முட்டுக் கொடுத்துப் பிடித்தான்.

"ரெண்டு குடும்பப் பேரும் போடுங்க, மாயேஸ்த்ரா."

சோராய்தா மாய்சோனெத் கின்யோனெஸ் என்று எழுதினாள். அப்பா பேரும் அம்மா பேரும் முழுசாகப் போட்டு அவள் எழுதியது கலியாணப் பதிவேட்டுக்குப் பிறகு இதுதான். ஏழு பாட்டுக்கும் எதிரே ஏழு முறை எழுத வேண்டியிருந்தது. நாலாவதில் பேனா கம்பியில் தட்டி ஓர் எழுத்து கோணியது. அடித்து, மேலே சரியாக எழுதினாள்.

"நியூயார்க்ல விழா. உங்களுக்கு ஒரு டிக்கெட் வச்சிருக்கேன்" என்றான் வீசோ. "ஜெயிச்சா மேடைக்கு வரணும்."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு கடைசி பெஞ்சு. ஓடு, கடையைச் சாத்திருவான்."

அவன் மொஞ்சோவின் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

எலியேசர் சட்டைப் பையிலிருந்து சபை நோட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து, தேதி போட்டு எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார், உதடு மட்டும் அசைய.

"நாளைக்கா?" என்று கேட்டாள்.

"நாளைக்குத்தான். தள்ளிப்போட்டா எனக்கு வராது."

"சரி. மெதுவா வாசி. ஓடாதே."

அவர் நோட்டை மூடிவிட்டு, கூட்டித் துடைக்க ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுத்தமான வாசலைக் கூட்டப் போனார்.

"நாளைக்கு யாரு வாசிக்கிறது?" என்றாள் புரோவிதென்சியா.

"வேற யாரு இருக்கா? நீங்கதான்."

"நானா? சுரங்களைச் சேத்து அமுக்குற கார்டு எனக்கு மூணே மூணுதான் தெரியும். அதுல ஒண்ணு சந்தேகம்."

"வாங்க, காட்டுங்க."

புரோவிதென்சியா வந்து விரல்களைப் பரப்பி வைத்துக் காட்டினாள். மூன்றாவது தப்பு. சோராய்தா அவள் சுண்டுவிரலைப் பிடித்து ஒரு கட்டை தள்ளி வைத்தாள். பிறகு அவளை எழுப்பிப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

அந்த மூன்று கார்டுகளுக்கு மட்டும் தேன் தடவிவிடலாம். சுரங்களைக் கொஞ்சம் அங்கே தள்ளி, கொஞ்சம் இங்கே இழுத்தால் மூன்றும் கோயில் மணி மாதிரி இனிக்கும். ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் இனிப்பை மற்றவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். மற்றவற்றை ஆறு மாதத்துக்கு யாரும் தொடப் போவதில்லை. அப்படியும் அவள் எல்லாவற்றையும் சமமாகவே சேர்த்தாள். நடுவில் ஒருமுறை, ஒரே ஒரு தந்தியைச் சற்றுக் கீழே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. யாருக்கும் எது என்று தெரியாது, ஆனால் பாடும்போது ஏதோ குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கை அந்த ஆணி வரைக்கும் போனது. அலையைக் கேட்டது. கேட்டபிறகு கையால் சும்மா இருக்க முடியவில்லை. படுக்க வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது.

மேல்கட்டைகள் முடிய மணி ஒன்றரை ஆயிற்று. கீழ்த்தந்திகளைக் கடைசியாகச் சேர்த்தாள். ஆப்புகளை எண்ணிப் பெட்டியில் போட்டாள். துணியால் கட்டைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தாள். சரிபார்க்க எதுவும் வாசிக்கவில்லை. தனித்தனிச் சுரமாகத் தட்டிக் கேட்டதோடு சரி.

"வாங்க, சகோதரி புரோவி."

புரோவிதென்சியா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கை அவளுக்கு உயரம். சோராய்தா குனிந்து இரண்டு பக்கமும் திருகி அதைத் தாழ்த்தினாள்.

"அடியில ஒரு பல்பு எரியும், ஈரம் ஏறாம இருக்க. அணைச்சிராதீங்க. மேல பூ ஜாடி வைக்க விடாதீங்க, தண்ணி ஒழுகும். ஓங்கி அடிக்க வேண்டாம், புது ஆணி மாதிரி பிடிக்காது இது. முடிஞ்சதும் பூட்டிடுங்க."

"எல்லாம் நீ வர்ற வரைக்கும்தானே, மிஹா?"

சோராய்தா கழுத்துச் சங்கிலியிலிருந்து பியானோ மூடியைப் பூட்டும் சின்னப் பித்தளைச் சாவியைக் கழற்றினாள். அது வியர்வையில் நனைந்திருந்தது. துணியில் துடைத்து, புரோவிதென்சியாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள்.